கிட்டப்பாவின் தொண்டையும் பகவானின் வரமும்

சிதறாலில் ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அங்கிருந்த வாலிபர் ஒருவர் தமது கைப்பேசியில் எஸ்.ஜி. கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டுப் பாட்டொன்றைப் போட்டார். பெரியவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "இது மனுஷத் தொண்டையா? பகவான் கொடுத்த வரமல்லவா!" என்றார். சுற்றியிருந்தோரும் தலையாட்டினார்கள். பாட்டின் இனிமையைப் பற்றி நமக்கும் ஆட்சேபணையில்லை. வரம் என்கிறார்களே, அதைப் பற்றித்தான் நாலு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

கிட்டப்பா இவ்வூராருக்கு அன்னியரல்லர். அவர் 1906-ல் பிறந்த செங்கோட்டையும் இந்தச் சிதறாலும் திருவிதாங்கூர்ச் சீமையிலிருந்து, 1956 நவம்பர் 1 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டோடு சேர்ந்தவை. பிள்ளைகள் நிறைந்த ஏழைப் பார்ப்பனக் குடும்பம். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் அண்ணன்மாரோடு நாடகமேடை ஏறினார். சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் பாடம். பிறகு கன்னையா கம்பெனியில் "தசாவதாரம்". அக்காலத்து மேடையில் ஒலிபெருக்கி ஏது? கொட்டகையின் கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதுக்கும் எட்டும்படி, உச்ச சுருதியில், விடியவிடியப் பாட வேண்டும். ஜனங்களோ "ஒன்ஸ் மோர்" என்று கத்திக்கொண்டேயிருப்பார்கள். தொண்டையிலுள்ள இரண்டு சிறு மடிப்புகளும் நெஞ்சிலுள்ள காற்றும் பிள்ளைப் பிராயம் முதல் பட்டபாடு அது. இதில் பகவான் எந்த ராத்திரி கண்விழித்தார்?

இத்தாலி நாட்டில் கரூஸோ என்றொரு பாடகர் இருந்தார். 1873-ல் பிறந்த தொழிலாளியின் மகன். ஆரம்பத்தில் உச்ச ஸ்தாயியில் அவர் குரல் உடைந்துபோகும். அப்பியாசம் செய்தே உலகப் புகழ் பெற்றார். அவர் கும்பிட்ட சாமி வேறு, கிட்டப்பா கும்பிட்ட சாமி வேறு. உழைப்பு மட்டும் ஒன்றுதான்.

வரம் கொடுத்த பகவான் அதை 27 வயதில், 1933 டிசம்பர் 2-ல், பிடுங்கிக்கொண்டதேன் என்று கேட்டால் "விதி" என்பார்கள். கொடுத்ததும் அவன், எடுத்ததும் அவன் என்றால், இரவெல்லாம் கத்தவைத்துக் காசு எண்ணினவர்களுக்கும் கைதட்டினவர்களுக்கும் கணக்கே இல்லாமற் போகிறதல்லவா? எவ்வளவு வசதியான பகவான்!

இன்னொன்று. கே.பி. சுந்தராம்பாளை மணக்கும் முன்பே கிட்டப்பாவுக்கு ஒரு மனைவி இருந்தார். அதைப் பெருங்குற்றமாகச் சொன்னவர் யார்? ஆனால் அவர் செத்ததும் 25 வயதுச் சுந்தராம்பாள் நகைகளைக் கழற்றி வெள்ளைச் சேலை உடுத்து, 1980-ல் சாகும்வரை அப்படியே இருந்ததை மட்டும் கற்பென்று போற்றினார்கள். அந்த அம்மையாரின் மன உறுதியை நாம் குறைசொல்லவில்லை. ஆண்பிள்ளை எவனாவது மனைவிக்காக 47 வருஷம் வெள்ளை கட்டினானா என்றுதான் கேட்கிறோம். போற்ற வேண்டியது வேறு. ஆண் நடிகரோடு ஜோடி சேர மாட்டேன் என்றவர், 1935-ல் "நந்தனார்" படத்தில் தாமே நந்தனாராக நடித்து லட்ச ரூபாய் வாங்கினார். 1951-ல் சென்னைச் சட்ட மேல்சபைக்கும் போனார். சினிமாக்காரர்களில் முதலில் போனவர் அவரே.

இவ்வளவையும் சொன்னபோது பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ராத்திரி முழுக்கப் பாடினா தொண்டை தாங்குமா, பின்ன?" என்றார். வாலிபர் அந்தப் பாட்டையே மறுபடியும் போட்டார்.