வாகனப் பக்கம்: எஞ்சின் ‘மிஸ்’ பண்ணினால்...



கடந்த தை மாதம் ஒரு சனிக்கிழமை இரவு ஸ்காபரோவிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். இந்த நாட்டுக்கு வந்து இன்னும் இரண்டு வருடமாகவில்லை. பழைய எட்டு சிலிண்டர் பிக்கப் ஒன்றை வாங்கி, இரவில் பனி வழிப்பதும் பகலில் வீட்டுச் சாமான் ஏற்றுவதுமாகக் குடும்பத்தைப் பார்க்கிறார்.

“அண்ணை, எஞ்சின் மிஸ் பண்ணுது. 401 இல ஏறேக்கை இழுவையே இல்லை. செக் எஞ்சின் லைற்றும் மினுங்குது.”

“பிளக் எப்ப மாத்தினீர்?”

“வாங்கின நாளிலையிருந்து மாத்தேல்லை அண்ணை.”

“அப்ப பிளக்தான். எட்டையும் மாத்தும்” என்று சொல்லிவிட்டேன்.

நூறு டொலருக்கு மேல் செலவழித்து, குளிரில் விரல் விறைக்க எட்டையும் மாற்றினார். நடுக்கம் அப்படியே இருந்தது. பிழை என்னுடையது. பார்க்காமல் சொன்ன வைத்தியம் அது. அதனால்தான் இந்த முறை இதைப் பற்றி எழுதுகிறேன்.

எஞ்சின் நிமிடத்துக்கு 2000 தரம் சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் 1000 தரம் நெருப்புப் பற்ற வேண்டும். காற்று, பெற்றோல், அழுத்தம், தீப்பொறி ஆகிய நான்கும் நேரத்துக்குச் சேர வேண்டும். ஒன்று பிசகினாலும் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. அதுதான் மிஸ்ஃபயர்.

முதலில் லைற்றைக் கவனியுங்கள். விடாமல் எரிந்தால் விரைவில் காட்ட வேண்டும். விட்டுவிட்டு மினுங்கினால் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். எரியாத பெற்றோல் புகைக்குழாயில் உள்ள கற்றலிற்றிக் கொன்வேர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உள்ளேயே உருக்கிவிடும். அதை மாற்றும் செலவு ஆயிரம் டொலரைத் தாண்டலாம். 1999 இல் தொடங்கிய ‘டிரைவ் கிளீன்’ புகைப் பரிசோதனை சாதாரண வாகனங்களுக்கு 2019 இல் நிறுத்தப்பட்டது. இப்போது லைற்றைப் பார் என்று வற்புறுத்த ஆளில்லை. நாங்களே பார்க்க வேண்டும்.

ஊரில் 1990 இற்குப் பிறகு, பெற்றோல் தடைப்பட்ட காலத்தில், மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்களுக்கு இந்த நோய் புதிதல்ல. எஞ்சின் ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்போம். எதைக் கழற்றினாலும் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் செத்தது. இங்கே அதைச் செய்யாதீர்கள். இப்போதைய கொயில்களில் பல்லாயிரம் வோல்ற் மின்சாரம். அதே விடையை ஸ்கானர் சொல்லும். ஐம்பது டொலருக்குள்ளேயே ஒன்று வாங்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சொக்கெற்றில் கொழுவினால் எண் ஒன்று வரும். பி 0304 என்றால் நாலாம் சிலிண்டர். பி 0300 என்றால் ஒன்றில் நிற்காமல் பல இடங்களில் மிஸ் பண்ணுகிறது. எந்தச் சிலிண்டருக்கு எந்த எண் என்பது வண்டிக்கு வண்டி மாறும். கைநூலைப் பாருங்கள்.

அடுத்த ஞாயிறு நேரில் போனேன். ஸ்கானரில் பி 0304. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, நாலாம் சிலிண்டரின் கொயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டோம், மூன்றாவதை நாலாவதில் போட்டோம். பழைய கோட்டை அழித்துவிட்டு ஓடவிட்டோம். கோட் பி 0303 ஆக மாறியது. கொயிலோடு சேர்ந்து வருத்தமும் இடம் மாறிவிட்டது. குற்றவாளி கொயில்தான்.

கொயிலை மாற்றிப் போட்டும் கோட் மாறாவிட்டால் பிளக்கை இப்படியே மாற்றிப் பாருங்கள். பிளக் குழிக்குள் எண்ணெய் நின்றால் மேல்மூடியின் கஸ்கற் ஒழுகுகிறது. பிளக்கைக் கழற்றுமுன் குழியிலுள்ள மண்ணை ஊதி எடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கையில் கழற்றவே வேண்டாம், அலுமினியப் புரி கிழிந்துவிடும். ஊரில் செய்ததுபோல் இரிடியம் பிளக்கைத் தேய்க்கவும் கூடாது. கொயிலும் பிளக்கும் சரி என்றால் மிச்சம் இன்ஜெக்டர், காற்றுக் கசிவு, கொம்பிரஷன். அங்கே மெக்கானிக்கிடம் போவதுதான் புத்தி.

கராஜுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கிலம் போதாது என்று தலையாட்டிவிட்டு வராதீர்கள். அந்தத் தம்பியிடம் ஓரிடத்தில் எட்டுக் கொயிலையும் மாற்ற 1,400 டொலர் கேட்டிருக்கிறார்கள், எந்தச் சிலிண்டர் என்று சொல்லாமலே. ஒன்ராறியோச் சட்டப்படி நீங்கள் எழுத்தில் எஸ்ரிமேற் கேட்கலாம். கடைசிக் கணக்கு அதைவிடப் பத்து வீதத்துக்கு மேல் கூடக்கூடாது. கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்கலாம். புதிய பாகத்துக்கும் அதைப் பூட்டிய கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. “எந்தச் சிலிண்டர்? என்ன கோட்?” என்ற இரண்டு கேள்வியையும் வாசலிலேயே கேளுங்கள்.

தம்பி ஒரு கொயில் வாங்கினார், எண்பது டொலர். பூட்டப் பத்து நிமிடம். அன்றிரவு பனி கொட்டியது, அவர் வேலைக்குப் போனார். நான் அவருக்கு வீண் செலவு வைத்த பிளக் காசைக் கொடுக்கப் போனேன். வாங்க மறுத்துவிட்டார்.

“விடுங்கோ அண்ணை, பிளக்கும் பழசுதானே.”

அடுத்த இதழில் பற்றறி பற்றிப் பார்ப்போம். கவனமாக ஓடுங்கள்.