கருவி வந்தது, ஆசான் எங்கே?

உயிர்ப்புக் காலத்தில் வீடு மந்திரிக்கச் செல்வது நம் பங்குகளின் பழைய வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு சென்றபோது, ஓட்டு வீடொன்றில், மாதா சுரூபம் இருந்த மாடத்துக்குக் கீழே பலகையொன்றில், துணியால் சுற்றிய ஒரு பொருளைக் கண்டேன். அரசு வழங்கிய மடிக்கணினி அது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, தையல் வேலைக்குச் சென்றுகொண்டிருந்த மூத்த மகளுக்குக் கிடைத்தது. "இதை எடுப்பதே இல்லையா, அம்மா?" என்று கேட்டேன். "பேட்டரி போயிடுச்சு, சாமி. இருந்த வரைக்கும் படம் பார்த்தோம். வேற என்ன செய்யலாம்னு யாரும் சொல்லிக் கொடுக்கல" என்றாள். தீர்த்தம் தெளித்தபோது அந்தத் துணிப் பொதியின்மீதும் சில துளிகள் விழுந்தன. வீட்டைவிட்டு வெளியே வந்த பின்னும் அப்பெண்ணின் கடைசி வாக்கியம் என்னோடு வந்தது. இக்கட்டுரை அவ்வாக்கியத்துக்கு நான் எழுதும் விளக்கவுரை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுகிறேன். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 'இலவசம்' என்று எள்ளி நகையாடியவர்களின் அணியில் நான் இல்லை. தம் பிள்ளைக்குக் கணினி வாங்கினால் அதை முதலீடு என்பதும், கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு அரசு வாங்கிக் கொடுத்தால் அதைத் தூண்டில் என்பதும் நேர்மையற்ற பேச்சு. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற ஏறத்தாழ 50 லட்சம் மாணவர்களுக்கு அத்திட்டத்தால் ஒரு கருவி கிடைத்தது. அவர்களுள் பலருக்கு அதுவே வீட்டின் முதல் கணினி. ஏழைகளுக்கே முதலிடம் என்று போதிக்கும் திருச்சபை அதைக் குறை கூறலாகாது.

நாம் இயந்திரத்துக்குப் பகைவர்களும் அல்லர். தமிழ் எழுத்துகளில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூலான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதை அச்சிட்டவர் இயேசு சபைத் துறவி அன்றீக்கு அடிகளார். அக்காலத்தின் புதுமைக் கருவியைத் தமிழுக்குக் கொண்டுவந்த மரபில் வந்தவர்கள் நாம். ஆனால் அந்நூல் எழுத்தறியாத பரதவர் குடிசைகளுக்குத் தானாக நடந்து சென்றிருக்க இயலாது. அதை வாசித்துக் காட்ட ஒருவர் வேண்டியிருந்தது. பின்னாளில் வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' எழுதியது யாருக்காக? ஊர் ஊராகச் சென்று மக்களுக்குக் கற்பித்த உபதேசியாருக்காக. ஏட்டைக் கொடுத்தவர், அதை ஏந்திச் செல்பவரை உருவாக்கவும் தனியே ஒரு நூல் எழுதினார். இந்த இரண்டாவது வேலையைத்தான் நம் ஆட்சியாளர்கள் மறந்தனர் என்பது என் குற்றச்சாட்டு.

இம்மறதி தற்செயலானதன்று, அதற்குக் கணக்கு வழியான ஒரு காரணம் உண்டு. கருவி ஒருமுறைச் செலவு. ஒப்பந்தப்புள்ளி கோரலாம், வாங்கலாம், எண்ணலாம், பந்தல் அமைத்துக் கையில் கொடுத்து நிழற்படம் எடுக்கலாம். நிதிநிலை அறிக்கையில் அது பளிச்சென்று தெரியும். ஆசிரியரோ முப்பது ஆண்டுச் செலவு. ஊதியம், விடுப்பு, பயிற்சி, ஓய்வூதியம் என அச்செலவு எந்த ஆட்சி வந்தாலும் தொடரும். ஆகவே, எந்தக் கட்சி ஆண்டாலும் பொருளுக்குப் பணம் எளிதில் கிடைக்கிறது; ஆளுக்குக் கிடைப்பதில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும் என்கிறது அதன் அட்டவணை. ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள்! நம் சிற்றூர்களின் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகள் இந்நிலையில்தான் நடக்கின்றன. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22,000க்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகளை அமைக்கும் பணியும் அண்மை ஆண்டுகளில் நடந்தது. நல்லது. ஆனால் ஒரே நேரத்தில் மூன்று வகுப்புகளை ஓரறையில் வைத்து நடத்தும் ஆசிரியைக்கு அந்தத் திரை எவ்விதத்தில் துணை செய்யும்? ஒரு வகுப்பைத் திரையின் முன் அமர்த்திவிட்டு, மற்றொரு வகுப்பைக் கவனிக்கத்தான் அவரால் இயலும். அப்போது திரை, கற்பிக்கும் கருவியாக இல்லாமல், இல்லாத ஆசிரியரின் இடத்தை மறைக்கும் திரைச்சீலை ஆகிவிடுகிறது. இரண்டாம் வரிசையில் இருக்கும் சிறுவன் எழுத்தைத் தலைகீழாக எழுதுவதை அது காணாது. அவன் முந்தின இரவு உறங்கவில்லை என்பதையும் அது அறியாது.

இதை அரசே ஒருமுறை உணர்ந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. ஆயினும் 2022இல் நடத்தப்பட்ட 'அசர்' ஆய்வின்படி, தமிழ்நாட்டின் மூன்றாம் வகுப்பு மாணவருள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்கக் கூடியவர்கள் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. பள்ளிகள் மூடிக் கிடந்ததன் விளைவு அதில் பெரும் பங்கு என்பதை மறுக்கவில்லை. அந்த இழப்பை ஈடுசெய்ய அரசு எதை அனுப்பியது? மனிதர்களை அனுப்பியது. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக் கொடுத்தனர். திரையால் எட்ட முடியாத பிள்ளையை மனிதரே எட்ட வேண்டும் என்று அன்று ஒப்புக்கொண்டோம். ஆனால் அம்மனிதருக்கு நாம் நிர்ணயித்த மதிப்பு மாதம் 1,000 ரூபாய்! கருவிக்கும் ஆளுக்கும் நாம் வைத்திருக்கும் விலை வேறுபாட்டுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வெளியுலகின் பட்டறிவும் இதையே கூறுகிறது. தென்னமெரிக்க நாடான பெரு, 'பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' என்று லட்சக்கணக்கில் வழங்கியது. 319 கிராமப்புறப் பள்ளிகளில் அதன் விளைவை ஆராய்ந்தவர்கள், கணிதத்திலும் மொழியிலும் மாணவரின் தேர்ச்சி உயரவில்லை என்று 2012இல் அறிவித்தனர். நம் அண்டை மாநிலமான கேரளம் வேறு வழியில் சென்றது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே பள்ளி ஆசிரியர்களைக் கணினியில் பயிற்றுவிக்கத் தொடங்கி, கட்டற்ற மென்பொருளைக் கையாண்டு, தகவல் தொழில்நுட்பத்தைப் பத்தாம் வகுப்பின் தேர்வுப் பாடமாகவும் ஆக்கியது. 45,000 வகுப்பறைகளுக்கு நவீன வசதிகளை அளித்தது அதற்கும் பிறகுதான். முன்னே ஆள், பின்னே கருவி. இந்த வரிசையே வேறுபாடு.

இவ்வரிசை தமிழகத்துக்குப் புதிதா? இல்லை. 1982இல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அரிசியையும் பாத்திரத்தையும் மட்டுமா அனுப்பியது? அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என மையந்தோறும் பணியிடங்களை உருவாக்கியது. அதனால்தான் அத்திட்டம் நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் நிற்கிறது. அரிசி மூட்டையைப் பிள்ளையின் கையில் கொடுத்து, 'நீயே சமைத்துக்கொள்' என்று எவரும் கூறவில்லை. கணினியை மட்டும் அவ்வாறு கொடுத்தோம்.

அரசை நோக்கி விரல் நீட்டும் நாம், நம் வீட்டையும் பார்க்க வேண்டும். நமது அரசு உதவி பெறும் பள்ளிகளில், ஓய்வுபெற்றவரின் இடத்தில் நியமித்த ஆசிரியைக்கு ஒப்புதல் வருவதற்காக ஆண்டுக் கணக்கில் காத்திருக்கும் வேதனையைத் தாளாளராக நானும் அறிவேன். உண்டியல் காணிக்கையிலிருந்து அவருக்கு அரைகுறை ஊதியம் கொடுத்த வெட்கமும் எனக்கு உண்டு. அதை உரக்கக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. ஆனால் நம் பதின்மப் பள்ளிகள் சிலவற்றில் நடப்பதென்ன? வாயிலில் 'ஸ்மார்ட் வகுப்பு' என்று விளம்பரப் பதாகை. அதற்கெனத் தனிக் கட்டணம். உள்ளே, பட்டமும் பயிற்சியும் பெற்ற ஆசிரியை வாங்குவதோ ஒரு கட்டடத் தொழிலாளியின் கூலியைவிடக் குறைவு. கருவியை மினுக்கி, ஆசிரியரை மலிவாக்கும் இப்பாவத்தை அரசிடமிருந்து நாம் கற்றோமா, நம்மிடமிருந்து அரசு கற்றதா என்று தெரியவில்லை.

பள்ளி தன் நோக்கத்தை அடைவது முதன்மையாக ஆசிரியர்களையே பொறுத்தது என்று, 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை தெளிவுபடுத்தியது. செயற்கை நுண்ணறிவு பற்றி 2025 சனவரியில் வத்திக்கான் வெளியிட்ட ஏடும், ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான உறவுக்கு மாற்று இல்லை என்றே வலியுறுத்துகிறது. இது பழமை விரும்பிகளின் புலம்பல் அன்று. வார்த்தை மனுவுருவானதை நம்புகிறவர்களின் அடிப்படைக் கொள்கை.

விடுதலைப் பயண நூலை நினைத்துப் பாருங்கள். சீனாய் மலையில் ஆண்டவர் கற்பலகைகளைத் தந்தார். அவற்றைச் சுமந்து இறங்குவதற்கு ஒரு மோசே இருந்தார். அவர் மக்களோடு இல்லாதிருந்த அந்த நாற்பது நாள்களில்தான் அடிவாரத்தில் பொற்கன்று வார்க்கப்பட்டது. பலகை எவ்வளவு புனிதமானதாயினும், அதை விளக்க ஆளில்லாத இடத்தில் கன்றுக்குட்டிகள் பிறக்கும்.

பள்ளிகளில் மடிக்கணினி வழங்கல் பெருந்தொற்றுக்குப் பின் நின்றுபோயிற்று. 2025 மார்ச்சின் நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு ஈராண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவித்தது. இனியும் அறிவிப்புகள் வரும். வரட்டும். ஒவ்வொரு அறிவிப்பின்போதும், நம் பெற்றோர்–ஆசிரியர் கழகங்களும் பங்குப் பேரவைகளும் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். இக்கருவியோடு கற்பிக்க யார் வருகிறார்? அவருக்கு என்ன ஊதியம்? கருவி பழுதானால் செப்பனிட எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? இதே கேள்விகளை நம் மறைமாவட்டப் பள்ளி நிர்வாகங்களிடமும் கேளுங்கள், என்னிடமும் கேளுங்கள். விடை கிடைக்காதவரை, துணியால் சுற்றிய பொதிகள் நம் மாடங்களின் கீழே பெருகிக்கொண்டே இருக்கும். அவற்றின்மீது தீர்த்தம் தெளிக்க நான் இனி விரும்பவில்லை.