மெனுவை எடுக்கும் முன்...

"அக்காவுக்கு பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப்தான் எங்க வீட்டுக் கம்ப்யூட்டர். ஆன் செய்தால் பாஸ், விண்டோஸ் 7 என்று மெனு வந்து நிற்கிறது. பாஸ் இருக்கும் பார்ட்டிஷனை அழித்துவிடட்டுமா?" என்று மீமிசலிலிருந்து கேட்கிறார் ஒரு வாசகர்.

அவசரப்படாதீங்க! மெனு போயிடும், கூடவே விண்டோஸும் வராது.

2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மெனுவைக் காட்டுவது 'கிரப்' என்ற குட்டி புரோகிராம். அதன் தலை ஹார்ட் டிஸ்கின் முதல் செக்டாரான எம்.பி.ஆரில், உடம்பு லினக்ஸ் பார்ட்டிஷனில். உடம்பை அழித்தால் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று நின்றுவிடும். உங்க போட்டோ, புராஜெக்ட் எல்லாம் உள்ளே பத்திரமா இருக்கும், ஆனா திறக்க முடியாது.

அதனால் முதலில் எல்லாவற்றையும் பென் டிரைவில் காப்பி எடுங்க. பிறகு விண்டோஸ் 7 ரிப்பேர் டிஸ்க்கில் பூட் செய்து, கமாண்ட் பிராம்ப்ட்டில் 'பூட்ரெக்', ஓர் இடைவெளி, சாய்கோடு, 'ஃபிக்ஸ்எம்பிஆர்' என்று ஆங்கிலத்தில் அடிச்சு என்டர் தட்டுங்க. விண்டோஸ் நேராக வந்தால், அப்புறம் பார்ட்டிஷனில் கை வைக்கலாம்.

என்னைக் கேட்டால் பாஸ் இருந்துட்டுப் போகட்டும். விண்டோஸ் படுத்துக்கிட்டா ஃபைல்களை வெளியே எடுக்க அதுதான் வழி. கிரப் செட்டிங்கில் 'டைம்அவுட்' எண்ணை 2 ஆக்கி, 'அப்டேட்-கிரப்' கொடுத்தால் மெனு இரண்டே செகண்டில் ஓடிடும்.

மெனுவில் இரண்டுமே விண்டோஸா? ரன்னில் எம்.எஸ்.கான்ஃபிக் அடித்து, பூட் டேபில் பழையதை டெலிட் செய்யுங்க. 'கரன்ட் ஓ.எஸ்.' என்று இருப்பதைத் தொடாதீங்க!