தலைவியின் நாற்காலியில் யார்?

சட்டப் புத்தகத்தில் இல்லாத பதவி ஒன்று கிராமங்களில் உண்டு. "தலைவி வீட்டுக்காரர்" என்பதே அந்தப் பதவி!

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. தேர்தலில் மனைவி ஜெயிக்கிறார். ஆனால் பல ஊர்களில் மனு வாங்குவது கணவர்!

சட்டத்தில் இல்லாத பதவி எல்லாமே தவறா? இல்லை. துணைப் பிரதமர் பதவியும் அரசியல் சட்டத்தில் இல்லை. 1989-ல் தேவிலால் அப்படிப் பதவி ஏற்றார். வழக்கு வந்தது. அது வெறும் பெயர்தான், அவரும் மற்றவர்களைப் போல ஒரு மந்திரியே என்று 1990-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. மந்திரி என்றால் பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரர் யாருக்குப் பதில் சொல்வார்? ஊராட்சிக் காசோலையில் இருப்பது மனைவியின் கையெழுத்து. கணக்கில் தவறு வந்தால் மாட்டிக்கொள்பவரும் அவரே.

ஆரணிப் பக்கம் முள்ளிப்பட்டில் பட்டுத்தறி வீடுகளைப் பாருங்கள். ஒருவர் நெய்வார், ஒருவர் தார் சுற்றித் தருவார். தார் சுற்றியவர் தறியைப் பிடுங்குவது இல்லை. கணவரும் அப்படித் துணை நிற்கட்டும்.

குழாயில் தண்ணீர் வரவில்லையா? மனுவைத் தலைவியின் கையிலேயே கொடுங்கள். கிராம சபையில் அவரையே கேளுங்கள். ஊர் கேட்டால், அவர் பேசுவார்!