காதில் சுற்றும் ஹை-ரெஸ் பூ

இயர்போன் டப்பாவின் மூலையில் தங்க நிறத்தில் 'ஹை-ரெஸ் ஆடியோ' என்று ஒரு ஸ்டிக்கர் மினுக்கும். அதைப் பார்த்ததும், கூட ஆயிரம் ரூபாய் போனால் போகிறது என்று தோன்றிவிடும். ஒட்டுகிறவர்களுக்கும் அது தெரியும். அதற்குத்தானே ஒட்டுகிறார்கள்! அந்த ஸ்டிக்கருக்கு விதி வைத்திருப்பது ஜப்பான் ஆடியோ சொசைட்டி. இயர்போன் 40 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி எழுப்ப வேண்டும் என்பது அதில் ஒரு விதி. மனிதக் காது நல்ல நிலையில் இருந்தால் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும்; வயது ஏற ஏற அதுவும் இறங்கும். வீட்டில் வௌவால் வளர்ப்பவர்கள் தாராளமாக வாங்கலாம் :-)

ஒரு கல்லூரி மாணவன் பத்தாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு வீடியோ பார்க்கிறான். ஆறாயிரத்துக்கு ஒரு ஹை-ரெஸ் பிளேயர், இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு ஒரு பாக்கெட் ஆம்ப், ஆயிரத்துக்கு வெள்ளி முலாம் பூசிய கேபிள். மிச்சம் இருக்கும் ஐந்நூறுக்கு இயர்போன். பந்திக்கு வெள்ளித்தட்டு வாங்கிவிட்டு சோற்றுக்குக் காசில்லாமல் நிற்பது மாதிரி.

கேட்டால், 'சோர்ஸ் நல்லா இருக்கணும் மச்சி' என்பான். கேசட் காலத்தில் அது சத்தியமான பேச்சு. 1979ல் சோனி முதல் வாக்மேனை விட்ட காலத்தில் டேப் ஓடும் வேகம் லேசாக ஆடினாலே பாட்டு அழும். பின்னணியில் 'ஸ்ஸ்' இரைச்சல் வேறு. நல்ல பிளேயருக்கும் மட்டமான பிளேயருக்கும் உள்ள வித்தியாசம் தெருவில் போகிறவனுக்கே கேட்கும். டிஜிட்டலில் அந்த இரண்டு தொல்லையும் கிடையாது. 1982ல் வந்த சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் கணக்கே 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைப் பிடித்துவிடும். மிக மெல்லிய ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடமும் தரும். அந்த எண்களை மின்சாரமாக மாற்றும் வேலையை ஆப்பிளின் 9 டாலர் டாங்கிள் ஒழுங்காகச் செய்கிறது. (சில ஆண்ட்ராய்டு போன்களில் அது சத்தம் கம்மியாகத் தரும். அது தனிக்கதை.)

'24 பிட், 192 கிலோஹெர்ட்ஸில் கேட்டால்தான் தெரியும்' என்று மல்லுக்கு நிற்பவர்கள் 2007ல் நடந்ததைப் படிக்கலாம். மேயர், மோரன் என்ற இருவர் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ தட்டுகளை அப்படியே ஒரு தரமும், நடுவில் சிடி அளவுக்கு இறக்கி ஒரு தரமும் போட்டு, எது எது என்று கேட்டார்கள். 554 முறை கேட்டதில் சரியான பதில் 276. காசைச் சுண்டிப் போட்டுப் பதில் சொல்லியிருந்தாலும் இவ்வளவு வந்திருக்கும். எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும். 2016ல் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது 52.3 சதவீதம் சரியாக வந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட. வித்தியாசம் அறவே கிடையாது என்று யாரும் சூடம் அடித்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அமைதியான அறையில் பயிற்சி எடுத்துக்கொண்டு கேட்பவரே தடுமாறும் ஒன்றுக்காக, பஸ் படிக்கட்டில் தொங்குகிறவன் ஆறாயிரம் ரூபாய் அழ வேண்டுமா?

பெரிய இடத்து ஆட்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். பாடகர் நீல் யங் 2014ல் 'போனோ' என்ற பிளேயருக்காகக் கிக்ஸ்டார்ட்டரில் 62 லட்சம் டாலர் திரட்டினார். விலை 399 டாலர், முக்கோண வடிவம். 2017ல் கடையைக் கட்டியாயிற்று. 2015ல் சோனி ஜப்பானில் 64 ஜிபி மெமரி கார்டு ஒன்றை, மின் இரைச்சல் குறையும், ஒலி உயரும் என்று சொல்லி ஏறக்குறைய 18,500 யென்னுக்கு விற்றது. மெமரி கார்டு, சாமி! எழுதிய சைபரையும் ஒன்றையும் அப்படியே திருப்பித் தருவதுதான் அதன் வேலை. அடுத்த வருடமே தங்க முலாம் பூசிய செம்பு உடம்போடு 3,200 டாலருக்கு ஒரு வாக்மேன். எடை 455 கிராம். பாட்டு கேட்காவிட்டாலும் தேங்காய் உடைக்க ஆகும்.

காசுக்குப் பலன் தெரியும் இடம் காதுக்குள் போகும் அந்தக் குட்டி உருப்படிதான். ஒழுங்காகச் செய்த இரண்டு பிளேயர்களுக்கு நடுவே உள்ள ஏற்றத்தாழ்வு ஒரு டெசிபலில் சின்னப் பங்கு. இரண்டு இயர்போன்களுக்கு நடுவே பேஸிலும் ட்ரெபிளிலும் 5, 10 டெசிபல் வேறுபாடு சர்வ சாதாரணம். அதற்காக விலை கூடினால் நல்லது என்று கிளம்பிவிடவும் கூடாது. 2017ல் ஜெரோன் பிரேபார்ட் 283 ஹெட்போன், இயர்போன்களின் அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டார். பேஸ் முதல் ட்ரெபிள் வரை ஒலி எப்படி அமைந்திருக்கிறது என்பதற்கும் விலைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. 2022ல் 20 டாலருக்கு வந்த மூன்டிராப் சூ, அதைப் போல நாலைந்து மடங்கு விலை சொன்னவற்றோடு நேருக்கு நேர் நின்றது.

முனையில் இருக்கும் ரப்பர் மூடியை யாரும் மதிப்பதில்லை. காதுத் துவாரத்தை அது சரியாக அடைக்காவிட்டால் பேஸ் மொத்தமும் ஒழுகிப் போகும். 'இதில் தபேலாவே கேட்கலை' என்று திருப்பி அனுப்புவதற்கு முன்னால், டப்பாவில் இலவசமாக வரும் மற்ற சைஸ்களை மாட்டிப் பார்க்கலாம். இரண்டு காதுக்கும் ஒரே சைஸ் பொருந்த வேண்டும் என்றும் இல்லை.

ஆம்ப் விஷயம் வெறும் பிளஸ் டூ கணக்கு. 16 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தரும் ஓர் இயர்போனை எடுத்துக்கொள்ளலாம். அந்த 9 டாலர் டாங்கிள் 1 வோல்ட் தரும். அதில் 62 மில்லிவாட் கிடைக்கும். சத்தம் 118 டெசிபல் வரை போகும். காது கிழிந்துவிடும். இதற்கு மேல் ஆம்ப் எதற்கு? 300 ஓம் உள்ள சென்ஹைசர் எச்டி 600 போன்ற பெரிய ஹெட்போன் என்றால் நியாயம் உண்டு. அங்கே அதே 1 வோல்ட் 3 மில்லிவாட்தான் தரும். அதை விட்டுவிட்டு, சின்ன இயர்போனுக்குப் போய் குழாய் எரியும் வால்வு ஆம்ப் மாட்டுகிறார்கள். ஆம்பின் உள் மின்தடை 10 ஓம், இயர்போனின் ஓம் ஒரு சுருதியில் 8, இன்னொரு சுருதியில் 40 என்றால், ஒலி 5 டெசிபல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். 'ஆம்ப் மாட்டினதும் பாட்டுக்கு உயிர் வந்துடுச்சு' என்கிறார்களே, அதில் பாதி இந்தக் கோணல். மீதி, கூடிப்போன சத்தம். கொஞ்சம் சத்தம் கூடினாலே மனசுக்கு 'நல்லா இருக்கு' என்று படும். விற்கிறவர்களுக்குத் தெரியாத வித்தையா இது?

நம்பாதவர்கள் ஹாஸ்டலிலேயே சோதிக்கலாம். மல்டிமீட்டர் வைத்து இரண்டு கருவிகளின் வோல்டேஜையும் சமமாக்கிவிட்டு, நண்பனைக் கண்ணில் படாமல் மாற்றி மாற்றிப் போடச் சொல்ல வேண்டும். 20 முறையில் 15 சரியாகச் சொன்னால் காதுக்கு ஒரு சலாம். குருட்டாம்போக்கில் அது நூற்றுக்கு இரண்டு தடவைதான் நடக்கும். பாட்டின் பதிவு நன்றாக இருக்க வேண்டும் என்பதும் உண்டு. கேசட்டில் இருந்து இறக்கிய பழைய பாட்டை 24 பிட் ஃப்ளாக் ஆக்கினால் கேசட் இரைச்சல்தான் 24 பிட்டில் வரும்.

காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். உள்காதில் இருக்கும் மயிர்ச்செல்கள் செத்தால் மனிதனுக்குத் திரும்ப முளைக்காது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம். 100 என்றால் 20 நிமிடம், வாரம் முழுவதற்கும் சேர்த்து! பஸ் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும் என்று சத்தத்தை ஏற்றுகிறவன் இந்தக் கணக்கை இரண்டே நாளில் தாண்டிவிடுவான். ஆம்ப் விற்பவர் அவனுக்கு இன்னும் சத்தம் தருகிறார். காதை நன்றாக அடைக்கும் இயர்போனோ, வெளி இரைச்சலை வடிகட்டி குறைந்த சத்தத்திலேயே பாட்டைக் கேட்க வைக்கும். (ரோட்டையும் தண்டவாளத்தையும் கடக்கும்போது தயவுசெய்து கழற்றிவிடவும்.)

அந்தப் பத்தாயிரத்துக்கு வருவோம். இரண்டாயிரத்துக்குள் நல்ல இயர்போன், ஒரு டாங்கிள், கூட ஒரு செட் ரப்பர் மூடி. எல்லாம் சேர்த்து மூவாயிரத்தை ஒட்டி முடிந்துவிடும். மீதி ஏழாயிரத்தில் மெஸ் பாக்கியைக் கட்டலாம்.