மூத்த படகுக்குப் புன்னை நிழல் போதாது

நற்றிணையின் 315ஆம் பாட்டில் அம்மூவனார் ஒரு கிழட்டு அம்பியைக் காட்டுவார். உழைத்து ஓய்ந்த எருதை உழவர் புல்வெளியில் விட்டுவிடுவது போல, வேலை முடிந்த அப்படகைப் புன்னை நிழலில் கட்டிவைத்திருக்கிறார்கள். நறும்புகை காட்டும் வழக்கமும் நின்றுவிட்டது. வகுப்பில் இப்பாடலை நடத்தும்போது உவமையின் இரக்கத்தைப் பற்றி நிறையவே பேசுகிறோம். அந்த அம்பி மரத்தாலானது, கொஞ்ச காலத்தில் செல்லரித்து மண்ணோடு மண்ணாகிவிடும் என்பதைச் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இருந்ததில்லை. இன்றைய படகு மண்ணாகாது என்பதால் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

சோழமண்டலக் கரையில் கட்டுமரம் அருகிவிட்டது. உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1979இல் சென்னையைத் தலைமையிடமாக்கித் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலையைக் கடந்து மணலில் ஏறும் படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தொண்டு நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஃபைபர் படகுகளை வழங்கின. அவசரத்தில் வார்த்தவை பல. அவற்றின் தரம் பற்றி அப்போதே கேள்விகள் எழுந்தன. அவற்றில் எஞ்சியிருப்பவற்றுக்கு இன்று ஏறத்தாழ இருபது வயது.

கடலே இல்லாத திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி எழுத நமக்கு என்ன உரிமை? இருக்கிறது. ஃபைபர் படகு என்பது அடிப்படையில் ஒரு துணி. கண்ணாடியை உருக்கி நூலாய் இழுத்து, தறியில் நெய்தோ, துண்டு இழைகளை விரித்து ஒட்டி 'மேட்' ஆக்கியோ, ரெசினில் தோய்த்து அச்சில் படிய வைத்து இறுக விட்டால் அது படகு. வேடிக்கை என்னவென்றால் வரிசை தலைகீழ். நம் ஊரில் துணி முதலில், சாயம் பிறகு. படகிலோ அச்சின் உட்புறத்தில் நிறமேற்றிய ஜெல்கோட்டை முதலில் பூசிவிட்டு, அதன் முதுகில்தான் துணியை அடுக்குகிறார்கள். அச்சிலிருந்து கழற்றும்போது சாயம் வெளிப்புறமாகிவிடும். அந்தப் பூச்சின் கனம் அரை மில்லிமீட்டர் அளவுதான். வெயிலுக்கும் உப்புநீருக்கும் உள்ளிருக்கும் துணிக்கும் நடுவே நிற்கும் முதல் காவல் அதுவே.

வெயில் அதை மெல்லத் தின்கிறது. முதலில் பளபளப்பு போகும். பிறகு விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு போல் வெள்ளைத்தூள் ஒட்டும். இந்த நிலையில் பார்த்துவிட்டால் செலவு குறைவு. நன்றாகக் கழுவி, பழைய மெழுகையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்து எடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும்; 600இல் தொடங்கி 1000, 1500 என்று நயமாகிக்கொண்டே போக வேண்டும். அதன்பின் ரப்பிங் காம்பவுண்ட், கடைசியில் மெழுகு. அரை மில்லிமீட்டரைத்தான் தேய்க்கிறோம் என்ற நினைவு கைக்கு இருக்க வேண்டும். அவசரக்காரர் ஒரே மூச்சில் துணிவரைக்கும் போய்விடுவார்.

விரிசல் விட்டிருந்தாலோ கொப்புளம் எழுந்திருந்தாலோ மெருகு மட்டும் உதவாது. கொப்புளம் என்பது பூச்சுக்கு அடியில் நீர் புகுந்து தேங்கியதன் அடையாளம். அதைத் திறந்து, கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். காயும் காலத்தை வாரக்கணக்கில் எண்ண வேண்டிவரும். பலரும் பொறுமை இழப்பது இங்கேதான். பிறகுதான் பட்டி, அதன்மேல் புதிய ஜெல்கோட். காற்றுப்பட்டால் ஜெல்கோட்டின் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும் என்பதால் கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் கலப்பார்கள், அல்லது பூச்சின்மேல் தாள் ஒட்டிக் காற்றை மறைப்பார்கள். அச்சுக்குள் இந்தச் சிக்கல் இல்லை. பூச்சின் முதுகை அடுத்த அடுக்கு மூடிவிடுகிறது.

பேணினால் இத்தகைய உடல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கடற்படையின் 'தாரிணி' சான்று. கோவாவில் மர உள்ளீட்டோடு கண்ணாடியிழையால் கட்டப்பட்டு 2017இல் படையில் சேர்ந்த பாய்மரப் படகு அது. 2017-18இல் ஆறு பெண்களோடு உலகைச் சுற்றிவந்தது. 2024 அக்டோபரில் மறுபடி கிளம்பி 2025 மே மாதம் திரும்பியது. இம்முறை படகில் இருந்தவர்கள் இருவர் மட்டுமே. கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும். கடற்படைக்குப் பராமரிக்கப் பணமும் ஆளும் உண்டு, மீனவருக்கு ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வாட்டர் பேப்பர் வாங்கக் கடற்படை வேண்டியதில்லை.

பனியன் கம்பெனியின் கட்டிங் வேஸ்ட் மீண்டும் பஞ்சாகி நூலாகிறது. இறுகிய ரெசினை மறுபடி உருக்க முடியாது. அதில் சிக்கிய துணியைப் பிரித்தெடுப்பதும் எளிதல்ல. கைவிட்ட ஃபைபர் படகுக்கு எரிப்பதும் புதைப்பதும் மணலில் கிடக்கவிடுவதும்தான் நடைமுறை வழிகளாக எஞ்சுகின்றன. ஆகவே பழைய படகைப் புதுப்பிப்பது சிக்கனத்தோடு முடியும் விஷயமல்ல என்பது நம் கருத்து.

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேய்த்த தூளும் கழுவிய கரைசலும் மணலிலேயே வழிந்தோடுகின்றன. நொய்யலைக் கண்ணெதிரே சாயமாக்கிப் பார்த்து, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே விழித்த ஊர்க்காரர்கள் நாம். கொஞ்சம்தானே என்ற சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்று நமக்குத் தெரியும். தூளைத் தார்ப்பாயில் பிடிக்கலாம். ஈரமாகத் தேய்த்தால் மூக்குக்குள் போவதும் குறையும்.

கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அதைக் கோபால்ட்டோடு நேராகக் கலந்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதும் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும். உயிர்போகும் இந்தச் செய்தி பெரும்பாலும் டப்பாவின்மேல் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் கிடக்கிறது. நாவாய், வங்கம், திமில், தோணி, அம்பி என்று கலப்பெயர்களை அடுக்கி ஆய்வேடு எழுதும் தமிழ்த்துறைகள், பட்டறை ஆளை உட்காரவைத்துக் கேட்டு, அவன் சொற்களிலேயே, நாற்பது பக்கத்தில் ஒரு கையேடு எழுதலாம். எளிய வேலை இல்லை. 'பிசுபிசுப்பு எப்போது போகும்' என்பதைப் பிழையில்லாத ஒரு வாக்கியத்தில் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்?