செயலிக்குள் அடுத்தவர் எழுதிய நிரல்: பதிப்பைப் பூட்டினால் போதுமா?

புக்கிட் பாஞ்சாங் இலகு ரயிலில் போயிருக்கீங்களா? சிங்கப்பூரின் முதல் இலகு ரயில் சேவை அது. 1999 நவம்பர் 6ஆம் தேதி தொடங்கியது. அதன் ரயில்கள் அட்ட்ரான்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. 2001இல் அந்த நிறுவனத்தை பொம்பார்டியர் வாங்கியது. 2018இல் நிலப் போக்குவரத்து ஆணையம் ரயில் முறையைப் புதுப்பிக்கும் 344 மில்லியன் வெள்ளி குத்தகையை பொம்பார்டியருக்கே கொடுத்தது. 2021இல் பொம்பார்டியரின் ரயில் பிரிவு ஆல்ஸ்தாம் கைக்குப் போனது.

அடுத்தவர் தயாரிப்பை நம்பி ஒன்றைக் கட்டினால், அவர் பக்கம் நடக்கும் மாற்றம் நம்மையும் தொடும். ரயிலில் அதற்குப் பல ஆண்டு ஆகும். மென்பொருளில் சில நிமிடம் போதும்.

டிபெண்டன்சின்னா என்ன?

செயலி எழுதுபவர் எல்லாத்தையும் தானே எழுதுவதில்லை. தேதியைக் காட்ட, படத்தைச் சுருக்க என ஆயத்த நிரல் தொகுப்புகளை இணையத்தில் எடுத்துக்கொள்வார். அவைதான் டிபெண்டன்சி. அவை ஒவ்வொன்றும் வேறு தொகுப்புகளைச் சார்ந்திருக்கும். நீங்க பத்து கேட்டால் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கலாம்.

பூட்டு எப்போது காப்பாற்றும்?

ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் பெரிய கிடங்கு என்பிஎம். 2025 செப்டம்பர் 8ஆம் தேதி, அங்கிருந்து வந்ததுபோல் தோன்றிய போலி மின்னஞ்சலை ஒரு பராமரிப்பாளர் நம்பிவிட்டார். சாக், டீபக் உட்பட குறைந்தது 18 தொகுப்புகளில் மின்னாணயம் திருடும் நிரல் புகுந்தது. மொத்தமாக வாரத்துக்கு 2 பில்லியன் தடவைக்கு மேல் பதிவிறக்கப்படும் தொகுப்புகள் அவை. சில மணி நேரத்தில் கெட்ட பதிப்புகள் நீக்கப்பட்டன.

அந்த இடைவெளியில் ஆபத்து யாருக்கு? "புதுசு வந்தா எடுத்துக்கோ" என்று விட்டவர்களுக்கு. பேக்கேஜ்.ஜேசன் கோப்பில் பதிப்பு எண்ணுக்கு முன் இருக்கும் கேரட் குறிக்கு ஏறக்குறைய அதுதான் பொருள். பேக்கேஜ்-லாக் கோப்போ எந்தத் தொகுப்பில் எந்தப் பதிப்பு என்பதைத் துல்லியமாகக் குறித்து வைக்கும். 'என்பிஎம் சிஐ' கட்டளை அதில் உள்ளதை மட்டும் நிறுவும்.

பூட்டியே வைத்தால்?

2021 டிசம்பரில் வெளிவந்த லாக்ஃபோர்ஜே ஓட்டை அதற்கு நேர்மாறான பாடம். 2.14.1 வரையிலான பதிப்புகளில் அது இருந்தது. சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு, முக்கியத் தகவல் உள்கட்டமைப்புத் துறைகளோடு அவசரக் கூட்டம் நடத்தியது. 2.15.0 வந்தது, போதவில்லை. அதே மாதத்தில் 2.16.0, 2.17.0 என்று திருத்தங்கள் தொடர்ந்தன. பழைய பதிப்பைப் பூட்டிவிட்டு மறந்தவர்களிடம் ஓட்டை அப்படியே இருந்தது. வேறொரு தொகுப்புக்குள் அது ஒளிந்திருந்ததால், தங்களிடம் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

அப்போ என்ன செய்யலாம்?

லாக் கோப்பை நிரலோடு சேர்த்து கிட்டில் வையுங்க. சர்வரில் நிறுவ 'என்பிஎம் சிஐ' பயன்படுத்துங்க. சாதாரணப் புதுப்பதிப்பு என்றால் சில நாள் பொறுங்க. பிஎன்பிஎம் கருவியில் அதற்கென்றே வசதி உண்டு. பாதுகாப்புத் திருத்தம் என்றால் காத்திருக்க வேண்டாம். டிபெண்டபாட் போன்ற கருவி புதிய பதிப்பு வந்ததைச் சொல்லும்; சோதித்துப் பார்ப்பது உங்க வேலை.

பூட்டைப் போட ஒரு கட்டளை போதும். மாதம் ஒருமுறை அதைத் திறந்து பார்ப்பது யார் பொறுப்பு? உங்க குழுவில் இந்த வாரமே பேசி முடிவு செய்யுங்க.